தொப்புளைச் சுற்றிப் போன வேல்

ஃபாரா போன வாரம் எனக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஈப்போவில் நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில் இப்போது அவள்தான் மூத்த தொழில்நுட்பர். படத்தில் ஒரு மனித உடலின் நிழல், அதற்குள் சின்னச் சின்னச் சிவப்பு வட்டங்கள். புதிதாக வந்திருக்கும் கணினி நிரல் புற்றுநோய்ப் புள்ளிகளைத் தானே தேடிப் பிடித்து, வட்டம் போட்டு, எத்தனை என்று எண்ணியும் சொல்லிவிடுகிறதாம். இனிமேல் எங்களுக்கு என்ன வேலை என்று மலாயில் கேட்டுச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாள். கூடவே ஒரு வேண்டுகோள்: பிரிவின் சிறு மலருக்குப் பழைய ஆட்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும்.

ஒரு பக்கத்தில் முடிக்கிற ஆள் நான் இல்லை என்பது ஃபாராவுக்கு நன்றாகத் தெரியும். என் மலாய் எழுத்து அரசாங்கக் கடிதம் மாதிரி விறைப்பாக இருக்கும் என்பதும் தெரியும். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். யாரிடமாவது கொடுத்து மொழிபெயர்த்துக்கொள்ளட்டும்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் கேள்வி, சந்திரனின் படத்தைக் கொடுத்தால் இந்த நிரல் என்ன சொல்லும் என்பதுதான். சந்திரன் என்பது நான் வைத்த பெயர். எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "பேர மாத்திக்குங்க மிஸ்ஸி, சாமிய மட்டும் மாத்திடாதீங்க" என்றார். மாற்றவில்லை. இங்கே ஆஸ்பத்திரியில் சீருடை போட்ட பெண்கள் எல்லோரும் மிஸ்ஸிதான்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் புந்தோங்கில் பிறந்தவள், பெயர் ரோசலின். எக்ஸ்ரே பிரிவில் படம் கழுவும் இருட்டறையில் தொடங்கி, கோலாலம்பூரில் படித்துப் பரீட்சை எழுதி, காமா கேமராவுக்கு வந்து சேர்ந்தேன். கதிர்வீச்சோடு வேலை செய்தால் பிள்ளை பிறக்காது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். மூன்று பிறந்தன. அத்தோடு அந்தப் பேச்சு அடங்கியது.

எங்கள் வேலையைப் பலரும் எக்ஸ்ரே என்றே நினைப்பார்கள். எக்ஸ்ரே உடம்புக்குள் என்ன வடிவம் இருக்கிறது என்று காட்டும். எங்கள் கேமரா அங்கே என்ன நடக்கிறது என்று காட்டும். சிலவகைப் புற்றுநோய் அணுக்களின் மேற்பரப்பில் ரிசெப்டர்கள் இருக்கும், பாடப்புத்தகத் தமிழில் ஏற்பிகள். அதில் போய் ஒட்டக்கூடிய ஒரு சிறு மருந்தில் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்து ஊசியாகப் போடுவோம். மருந்து எங்கே ஒட்டுகிறதோ அந்த இடம் கேமராவில் பளிச்சென்று தெரியும். ரப்பர் தோட்டத்திலிருந்து வரும் நோயாளிகளுக்கு இதை நான் வேறு மாதிரி சொல்வேன். பால் மரத்தில் மங்கு, அந்தப் பால் பிடிக்கிற கிண்ணம், கட்டியிருக்கிற இடத்தில்தானே பால் சேரும், அதுபோல இந்த நோய் தன்மேல் மங்கு கட்டி வைத்திருக்கிறது, நாங்கள் ஊற்றுகிற பால் அதில் சேருகிறதா என்று பார்க்கிறோம் என்பேன். ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன். அந்த விளக்கத்தில் ஒரு ஓட்டை இருந்தது சந்திரன் வந்தபோதுதான் தெரிந்தது.

எங்கள் தலைமை மருத்துவர் டாக்டர் லிம். மெலிந்த சீனப் பெண்மணி. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை, ஆனால் அவர் நடந்து வரும் செருப்புச் சத்தத்துக்கே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். படத்தைப் பார்க்க அவரிடம் ஒரு முறை இருந்தது. திரையின் மேல் ஒரு கண்ணாடித் தாளை ஒட்டுவார். முதலில் நோயைத் தேடமாட்டார். உடம்பில் இருக்கவேண்டியது எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றுக்கும் பச்சைப் பேனாவில் ஒரு சரி போடுவார். அதற்கு அப்புறம்தான் சிவப்புப் பேனா, இருக்கக் கூடாததற்கு. எல்லாம் முடிந்தது என்று நாங்கள் மூச்சு விடும்போது "லாகி?" என்பார். மலாயில் 'இன்னும்?' என்று அர்த்தம். நாங்கள் முழிப்போம். இன்னும் ஏதாவது ஒன்று இருக்கும்.

சந்திரன் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்தார். ஐம்பத்திரண்டு வயது, லாரி ஓட்டுநர். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு உரமும், அங்கிருந்து கீழே காய்கறியும் ஏற்றுகிறவர். கூட அவர் மனைவி லெட்சுமி, பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவர். இரண்டு வருடமாக வயிற்றுப்போக்கு. சாப்பாட்டைக் குறை சொன்னார்கள், தண்ணீரைக் குறை சொன்னார்கள். வேறொரு மருத்துவமனையில் முகம் சிவக்கிறதா என்று ஒவ்வொரு டாக்டரும் கேட்டிருக்கிறார்கள், இவரும் இல்லை என்றே சொல்லியிருக்கிறார்.

"செவக்கறதுக்கு நான் என்ன வெள்ளக்காரனா மிஸ்ஸி?" என்றார் என்னிடம்.

"செவக்காதுக்கா, ஆனா காந்தும்" என்றார் லெட்சுமி. "திடீர்னு மூஞ்சி அடுப்புகிட்ட நிக்கற மாதிரி சூடாயிரும். தொட்டா எனக்கே தெரியும்."

எங்கள் தோலில் சிவப்பு தெரியாது என்பது அந்தக் கேள்வி கேட்ட யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் சி.டி. ஸ்கேனில் சிறுகுடலில் ஒரு கட்டி தெரிந்தது. ஏற்பிகளை மேலே வைத்துக்கொள்கிற, முகத்தைச் சிவக்க வைக்கிற வகைப் புற்றுநோய் என்று சந்தேகப்பட்டு எங்களிடம் அனுப்பினார்கள். கட்டி அங்கே மட்டும் இருந்தால் வெட்டி எடுத்து ஆளைக் காப்பாற்றலாம். வயிறு முழுக்கப் பரவியிருந்தால் வெட்டிப் பயனில்லை, மாதா மாதம் ஊசி போட்டுக்கொண்டு இருக்கிற வரைக்கும் இருக்க வேண்டியதுதான். எங்கள் படத்தைப் பார்த்துத்தான் முடிவு.

நோயாளியிடம் கேள்விப் படிவத்தை நிரப்புவது என் பொறுப்பு. சர்க்கரை இருக்கா, ஒவ்வாமை இருக்கா, ஊசி ஏதும் போடுகிறீர்களா. "ஆப்பரேஷன் ஏதும் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ்ஸி." யோசிக்கவே இல்லை. நானும் 'இல்லை' என்று எழுதினேன்.

சட்டையைக் கழற்றிப் படுத்தபோதுதான் பார்த்தேன். மார்புக்குழியிலிருந்து அடிவயிறு வரை பச்சை குத்திய ஒரு பெரிய வேல். மேலே இலை, அதன் நடுவில் திருநீற்றுப் பட்டை, கீழே நீளத் தண்டு. அந்தத் தண்டு தொப்புளுக்கு வந்ததும் ஒரு பக்கமாக வளைந்து, சுற்றிக்கொண்டு, மறுபடி நேராகப் போனது. குத்தினவன் கை நடுங்கிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

நோயாளி அசையாமல் இருக்க வயிற்றின் மேல் ஒரு பட்டை கட்டுவோம். நான் பட்டையை எடுத்ததும், "மிஸ்ஸி, சாமி மேல பெல்ட்டு போடாதீங்கலா" என்றார் கெஞ்சலாக. நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். வேற்று மதத்துக்காரி மரியாதை இல்லாமல் நடந்துகொண்டாள் என்று பேர் வரக்கூடாது என்பதில் எனக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதல் ஜாக்கிரதை. பட்டையைத் தொடைப்பக்கம் இறக்கிக் கட்டினேன். வேல் படத்தின் மேல் என் கை படாமல், ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி மூடியும் விட்டேன். நல்ல பிள்ளை மாதிரி நடந்துகொண்டதில் எனக்கே ஒரு திருப்தி.

அன்று இரண்டு தடவையும் மறுநாள் காலையில் ஒரு தடவையும் படம் எடுத்தோம். சிறுகுடல் கட்டி பளிச்சென்று தெரிந்தது. அதோடு நிற்கவில்லை. வயிற்றில் இங்கொன்றும் அங்கொன்றுமாக, கட்டியோடு சேர்த்து மொத்தம் ஒன்பது புள்ளிகள். டாக்டர் லிம் பச்சைப் பேனாவோடு தொடங்கினார். மண்ணீரலுக்கு வந்ததும் கொஞ்சம் தயங்கினார். சி.டி. அறிக்கையில் 'சிறிய மண்ணீரல்' என்று போட்டிருந்தது, எங்கள் படத்திலும் அந்த இடத்தில் எலுமிச்சம்பழ அளவில் ஒன்று ஒளிர்ந்தது. சரி போட்டார். பிறகு சிவப்புப் பேனாவில் ஒன்பது வட்டம்.

வெள்ளிக்கிழமை அறுவை மருத்துவர்களோடு கூட்டம். ஒன்பது வட்டத்தைப் பார்த்தால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அன்று டாக்டர் லிம் "லாகி?" என்று கேட்டுவிட்டு, தானே தாளைக் கழற்றிக் கோப்பில் வைத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் புந்தோங்கில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். எங்கள் தெருமுனைக் கோயில் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு வேல் நட்டிருக்கும். முப்பது வருடமாக அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறேன். அன்று என்னவோ நின்று பார்த்தேன். தண்டு விறைப்பாக, நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது. வேல் எங்கேயாவது வளையுமா? சாமி கும்பிடுகிற ஊசிக்காரன், மேலே இலையை அவ்வளவு அழகாகக் குத்தியவன், தொப்புளுக்கு வந்ததும் வளைப்பானா? தொப்புளைச் சுற்றி வளைந்து போகும் ஒரே ஒரு நேர்கோடுதான் எனக்குத் தெரியும். வயிற்றைத் திறக்கும் அறுவை மருத்துவர் போடும் கோடு.

கேள்வியைக் கேட்டது நான், 'இல்லை' என்று எழுதியது நான், துணி போட்டு மூடியதும் நான். அங்கேயே கோயில் வாசலில் நின்று லெட்சுமிக்குப் போன் போட்டேன், காலையில் இரண்டு பேரும் வரவேண்டும் என்றேன்.

வந்தார்கள். அறையின் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"அண்ணே, அந்த வேலுக்குக் கீழ தையல் இருக்கா?"

சந்திரன் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த லாரிச் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "எழுதுவீங்களா?" என்றார்.

"எழுதணும்."

"எழுதினா லைசென்ஸ் போயிரும் மிஸ்ஸி."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பன்னிரண்டு வயதில், தோட்டத்து ரப்பர்ப் பால் லாரியின் பின்னால் தொற்றிக்கொண்டு போய் விழுந்திருக்கிறார். லாரியை ஓட்டியது அவர் அப்பா. லாரியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். அப்பாவின் வேலை போய்விடும் என்று, ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே என்ன செய்தார்கள் என்று அப்பாவும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. வளர்ந்து, லாரி உரிமத்துக்கு மருத்துவச் சோதனைக்குப் போகவேண்டி வந்தபோது, வயிற்றைத் திறந்த ஆளுக்குக் கனரக லைசென்ஸ் கொடுக்கமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போய் வேல் குத்திக்கொண்டார். அன்றிலிருந்து அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் ஒரே பதில்.

"சாமி மேல யாரும் கை வைக்க மாட்டாங்கன்னு தெரியும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா என் மேலா என்று தெரியாத கோபம். "இவருக்கு இப்படி ஒரு தையல் இருக்குன்னு உங்களுக்காவது தெரியுமா?" என்று லெட்சுமியைக் கேட்டேன்.

"இருவத்தஞ்சு வருஷமா கட்டிக்கிட்டு இருக்கேன், கை பட்டா தெரியாதா? அவரே சொல்லட்டும்னு இருந்தேன்லா" என்றார்.

சந்திரன் அப்போதுதான் நிமிர்ந்து தன் மனைவியைப் பார்த்தார்.

நான் அவரிடம் நேராகச் சொன்னேன். "அண்ணே, விழுந்ததுல மண்ணீரல் ஒடஞ்சிருந்தா அத எடுத்திருப்பாங்க. ஒடையும்போது துண்டு துண்டா செதறி, வயித்துல அங்கங்க ஒட்டி வளந்திருக்கலாம். அதுல பெருசா வளந்த ஒண்ணத்தான் நாங்க மண்ணீரல்னு நெனச்சிருக்கோம் போல. மண்ணீரல்லயும் அதே மங்கு இருக்கு. அதுவும் எங்க படத்துல பளிச்சுன்னுதான் தெரியும். நான் உங்களுக்கு மங்கு கத சொன்னப்ப இத சொல்லல."

அவர் சாவியைத் திருப்புவதை நிறுத்தினார். "அப்ப அது எல்லாம் நோய் இல்லயா?"

"தெரியாது. பாக்கணும். ஆனா எழுதணும்."

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "எழுதுங்க."

டாக்டர் லிம்மிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. தன் கண்ணாடித் தாளை எடுத்து, மண்ணீரலுக்குப் போட்ட பச்சைச் சரியை விரலால் தேய்த்து அழித்தார். "நானும்தான் போட்டேன்" என்றார் ஆங்கிலத்தில். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்து என்முன் வைத்தார்.

அந்தச் சோதனையைப் பயிற்சிக் காலத்தில் ஒரே ஒரு தடவை தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். மண்ணீரலின் வேலைகளில் ஒன்று, கெட்டுப்போன சிவப்பணுக்களைப் பிடித்து வைப்பது. புற்றுநோய்க் கட்டிக்கு அந்த வேலை தெரியாது. ஆகவே நோயாளியின் ரத்தத்தையே எடுத்து, டெக்னீசியம் சேர்த்து, சூடாக்கிக் கெடுத்து, திரும்ப அவருக்குள்ளேயே செலுத்தவேண்டும். எது பிடித்து வைத்துக்கொள்கிறதோ அது மண்ணீரல். கேட்கும்போது குறும்புத்தனம் மாதிரி இருக்கும். எனக்கு அந்த யோசனை இன்றைக்கும் பிடிக்கும்.

சிக்கல் சூட்டில்தான். நாற்பத்தொன்பதரை டிகிரி, பதினைந்து நிமிடம். குறைந்தால் அணுக்கள் கெடாது, ரத்தத்தோடு சுற்றிக்கொண்டே இருக்கும். கூடினால் உடைந்து கல்லீரலுக்குப் போய்விடும். எங்கள் நீர்த்தொட்டியோ வேறொரு மருந்தைக் காய்ச்ச எப்போதும் எண்பதில் இருக்கும். அது எண்பதிலிருந்து இறங்கும் வேகத்தில் நான் ஒரு சேலைக்குக் கரை தைத்திருக்கலாம். முகப்பில் வரும் எண்ணை டாக்டர் லிம் நம்பவில்லை. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி வெப்பமானி ஒன்று இரவல் வாங்கினோம். முகப்பு நாற்பத்தொன்பதரை காட்டியபோது தண்ணீர் உண்மையில் நாற்பத்தெட்டுதான். அதைச் சரிசெய்து, முதல் நாள் வெறும் தண்ணீரைக் குழாயில் ஊற்றி ஒத்திகை பார்த்தோம், குழாய்க்குள் சூடு ஏற எத்தனை நிமிடம் என்று. ஏறிய பிறகுதான் பதினைந்தை எண்ணத் தொடங்கவேண்டும். மூன்று தடவை செய்யச் சொன்னார். மூன்றாவது தடவையில் நான் முணுமுணுத்தேன். "இது அவன் ரத்தம் என்று நினைத்துச் செய்" என்றார்.

வியாழக்கிழமை காலை. ரத்தத்தில் டெக்னீசியம் ஒட்டுவதற்கான ஊசியை முதலில் போட்டு, அரைமணி கழித்து ரத்தம் எடுத்தேன். குழாயில் பெயரை எழுதி, அவரையே வாசிக்கச் சொல்லி, நானும் வாசித்தேன். டெக்னீசியத்தைச் சேர்த்தேன். தொட்டியில் இறக்கி, ஆட்டாமல், குலுக்காமல், மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தேன். டாக்டர் லிம் பக்கத்தில் நின்று வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஆறவிட்டு, மறுபடி பெயரை வாசித்து, அவர் கையில் ஏற்றினேன்.

"என் ரத்தத்தையே அவிச்சுட்டீங்களா மிஸ்ஸி" என்றார் சந்திரன். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. லெட்சுமி கதவுக்கு வெளியே கந்தர் சஷ்டியோ எதுவோ வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நானும் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன்.

அரைமணி நேரத்தில் திரையில் படம் ஏறத் தொடங்கியது. முதலில் அந்த எலுமிச்சம்பழம். அப்புறம் இடது பக்கம் ஒன்று. அதற்குக் கீழே ஒன்று. டாக்டர் லிம் பழைய கண்ணாடித் தாளைத் திரையில் பொருத்தினார். சிவப்பு வட்டங்களுக்குள் ஒவ்வொன்றாக வெளிச்சம் வந்து நிரம்பியது. மூன்று. ஐந்து. ஏழு. சந்தோஷத்தில் நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

"லாகி?" என்றார் டாக்டர் லிம்.

இரண்டு வட்டங்கள் இருட்டாகவே இருந்தன. சிறுகுடல் கட்டி ஒன்று, அதை ஒட்டிய நிணநீர்க் கணு ஒன்று. காத்திருந்தோம். மேலும் அரைமணி நேரம் கழித்து எடுத்த படத்திலும் அவை இருட்டுத்தான். நோய் அந்த இரண்டில்தான், இரண்டும் அடுத்தடுத்து, வெட்டி எடுக்கக்கூடிய இடத்தில். மறுநாள் கூட்டத்தில் அறுவை மருத்துவர் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, தேதியை எழுதினார்.

அறுவைக்கு முதல் நாள் வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். பழைய தையல் வழியாகவே திறக்கப்போகிறார்கள், வேல் மேலேயே கத்தி போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வருத்தமா என்று கேட்டேன். "இத்தன வருஷம் எனக்காகப் பொய் சொன்ன சாமி மிஸ்ஸி. நாளைக்கு ஒரு நாள் வழி விடட்டும்" என்றார். அழுதார். நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சீருடையில் இருக்கிறோம் என்பதையும் மறந்து.

அறுவையில் கட்டியும் கணுவும் முழுசாக வெளியே வந்துவிட்டன. மண்ணீரல் துண்டுகளைத் தொடவில்லை, அவை பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். உரிமத்தைப் புதுப்பிக்கப் போன இடத்தில் சந்திரன் முதல் தடவையாக உண்மையைச் சொல்லியிருக்கிறார். சோதித்த டாக்டர் தையலைப் பார்த்துவிட்டு, "ஆறிருச்சு, அப்புறம் என்ன?" என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டாராம். அப்படி ஒரு சட்டம் எந்தக் காலத்திலும் இருந்ததாக அவருக்கே தெரியவில்லையாம். இதைச் சொன்னபோது சந்திரன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு வருடம் கழித்துத் தொடர் சோதனைக்கு வந்தார். அதே அறை, அதே படிவம். சர்க்கரை, ஒவ்வாமை, ஊசி எல்லாம் கேட்டு முடித்து, அந்தக் கேள்விக்கு வந்தேன். பேனா என் கையில் நின்றது.

"ரெண்டு" என்றார் சந்திரன், வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி. "ரெண்டு ஆப்பரேஷன் மிஸ்ஸி. நல்லா எழுதுங்க."

எழுதினேன். அவர் சட்டையைக் கழற்றிப் படுத்தார். புதுத் தையலில் வேலின் இரண்டு பாதியும் சரியாகச் சேரவில்லை. இலை ஒரு விரற்கடை ஏறியும் இறங்கியும் நின்றது. நான் பழக்கத்தில் வெள்ளைத் துணியை எடுத்தேன். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்தார்.

"தொட்டுப் பாத்துட்டு பெல்ட்ட போடுங்க" என்றார்.